பேஸ் கிட்டார் பிக்கப்பை மாற்றும் முன்: ஒரு சின்ன வரலாறு

1/ "டாக்டர், பேஸ் கிட்டார்ல சவுண்டு சரியில்ல, பிக்கப் மாத்தலாமா? எந்த பிராண்டு நல்லது?" இன்பாக்ஸில் அடிக்கடி வர்ற கேள்வி இது. பிராண்டு பெயரைச் சொல்றதுக்கு முன்னாடி, அந்தப் பிக்கப் எந்தப் பிரச்சனைக்காகப் பிறந்ததுன்னு பார்த்துடுவோம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ பிக்கப் என்பது என்ன? ஒரு காந்தம். அதைச் சுற்றி, தலைமுடி அளவே தடிமன் உள்ள செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. மேலே ஸ்டீல் ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831-ல் கண்டுபிடிச்ச அதே விதி. அவ்ளோதான் விஷயம்.

3/ மருத்துவத்திலும் இதே கதை தலைகீழாக நடந்திருக்கு. ஐந்தோவன் ஈசிஜி எடுத்த கருவி, காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் கட்டியது. இதயத்தின் மின்சாரம் பாய்ந்தால் இழை அசையும். பேஸில் இழை அசைந்தால் மின்சாரம் பிறக்கும். ஐந்தோவனுக்கு 1924-ல் நோபல் பரிசு.

4/ 1930-களின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் போஷாம்ப், ரிக்கன்பேக்கர் கூட்டணி எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்துட்டாங்க. ஆனா பேஸ் வாசிக்கிறவங்க ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க. டிரம்ஸ், டிரம்பெட் நடுவுல அது காதிலேயே விழாது. சியாட்டிலில் பால் டுட்மார்க் அந்தப் பத்தாண்டிலேயே ஃபிரெட் வைத்த எலெக்ட்ரிக் பேஸ் செய்தார். சந்தையில் எடுபடல.

5/ 1951-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' வெளியிட்டார். ஃபிரெட் இருப்பதால் சுரம் துல்லியமா விழும், அதனால் அந்தப் பெயர். லியோ கிட்டார் வாசிக்கத் தெரியாதவர், ரேடியோ ரிப்பேர்காரர். அதில் இருந்தது ஒரே சுருள் பிக்கப்.

6/ ஒரே சுருள்னா ஒரு தொல்லை உண்டு. அது ஸ்ட்ரிங்கை மட்டும் கேட்காது, சுவரில் ஓடும் மின்சாரத்தையும் கேட்கும். நம்ம ஊரில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அதுதான் அந்த 'ஹம்'. ஈசிஜி பேப்பரில் கோடு தடிச்சுப்போய் நடுங்குமே, அங்கேயும் இதே வில்லன்தான்.

7/ "ஃபில்டர் போட்டு வெட்டிடலாமே?" ஈசிஜியில் அப்படி ஒரு ஃபில்டர் இருக்கு. பேஸில் முடியாது. திறந்த E ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், A 55. நடுவில் மூணாவது ஃபிரெட்டில் வரும் G 49! 50-ஐ வெட்டினா அந்த சுரத்தோட அடித்தளமே போயிடும். நோயோடு சேர்த்து நோயாளியையும் வெட்டின கதை.

8/ தீர்வு வேறு வழியில் வந்தது. ரெண்டு சுருள். ஒன்றின் சுற்றும் காந்தமும் மற்றதுக்கு எதிர்த் திசை. ஸ்ட்ரிங் சிக்னல் கூடும், வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அழிக்கும். கிப்சனின் சேத் லவர் இதற்கு 1955-ல் காப்புரிமை கேட்டார், 1959-ல் கிடைத்தது. ஈசிஜி ஆம்ப்ளிஃபையரும் கிட்டத்தட்ட இதே யோசனைதான்: பொதுவான இரைச்சலைக் கழி, வித்தியாசத்தை மட்டும் வை.

9/ லியோ 1957-ல் இதை இன்னும் சிக்கனமா செஞ்சார். பிக்கப்பை ரெண்டா உடைச்சு, E, A-க்கு ஒரு சுருள், D, G-க்கு ஒரு சுருள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஒரே சுருள்தான், ஆனாலும் ஹம் இல்லை. இன்று கடையில் தொங்கும் 'பி' வகை எல்லாம் அதே வடிவம்தான்.

10/ 1960-ல் ஜாஸ் பேஸ். தனித்தனியா ரெண்டு பிக்கப், ஒன்றுக்கொன்று எதிர். ரெண்டு வால்யூமும் சமமா இருந்தா ஹம் இல்லை. ஒன்றைக் குறைச்சா ஹம் திரும்பும். இதைப் 'பழுது'ன்னு நினைச்சு செலவு பண்றவங்க நிறைய. அது பழுதில்லை, அந்த வடிவத்தின் இயல்பு.

11/ 1965-ல் லியோ கம்பெனியை சிபிஎஸ்-க்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதன் பிறகு வந்த கருவிகளின் தரம் இறங்கிடுச்சுன்னு வாசிப்பவர்கள் குறைப்பட்டாங்க. அந்தக் குறையிலிருந்து ஒரு தொழிலே முளைச்சது. 1970-களில் லாரி டிமார்சியோவும் சீமோர் டங்கனும் மாற்று பிக்கப்பைத் தனியா விற்க ஆரம்பிச்சாங்க. பில்லி ஷீஹன் தன் பிரிசிஷன் பேஸில் கூடுதலா ஒரு கிப்சன் பிக்கப்பையே பொருத்திக்கிட்டார்.

12/ சுற்றுகளைக் கூட்டினா சத்தம் கூடும், ஆனா உச்ச ஒலிகள் மங்கும். இதைத் தாண்ட வந்தது 'ஆக்டிவ்' வழி: சுற்றைக் குறை, பேட்டரி வைத்த சின்ன ஆம்ப்ளிஃபையரால் ஏற்று. கிரேட்ஃபுல் டெட் குழுவோடு வளர்ந்த அலெம்பிக், பிறகு இஎம்ஜி, இந்தப் பாதைக்காரர்கள். 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, பெரிய ஹம்பக்கரோடு ஆக்டிவ் சர்க்யூட்டையும் சேர்த்தது.

13/ இப்ப உங்க கேள்விக்கு வருவோம். குறை என்னன்னு முதலில் சொல்லுங்க.
• மந்தமா கேட்குதா? முதலில் ஸ்ட்ரிங் மாத்துங்க.
• ஒரு ஸ்ட்ரிங் மட்டும் சத்தம் கம்மியா? ஸ்க்ரூ திருப்பி பிக்கப் உயரத்தைச் சரி பண்ணுங்க. செலவு பூஜ்யம்.
• ஸ்ட்ரிங்கைத் தொட்டா ஹம் குறையுதா? எர்த் ஒயரிங்கும் ஷீல்டிங்கும் பார்க்கணும்.
• ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப் மட்டும் வைத்து வாசிப்பவரா? ஹம் அழிக்கும் வகை வாங்குங்க, இது நியாயமான செலவு.

14/ வாங்குறதுன்னா, பழைய பிக்கப்பை ஸ்கேல் வைத்து அளங்க. பல ஜாஸ் பேஸ்களில் முன், பின் பிக்கப் நீளமே வேறு. ஓம் கணக்கை மட்டும் பார்த்து "இது பவர்ஃபுல்"னு முடிவு பண்ணாதீங்க. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து நோயைச் சொல்ற மாதிரி அது. காந்தம், கம்பி, சுற்று எல்லாம் சேர்ந்ததுதான் குரல். முக்கியமா, பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடத்தை எந்த பிராண்டாலும் மாத்த முடியாது.

15/ டெட்ராய்ட்டின் மோட்டவுன் பாடல்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962 பிரிசிஷன் பேஸ். கம்பெனி பிக்கப், வருஷக்கணக்கா மாத்தாத ஸ்ட்ரிங், அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், வலது கையில் ஒரே விரல். உலகமே அந்தப் பாட்டுக்கு ஆடியது. 1971 வரை ஆல்பம் அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. இன்று ஆயிரம் பேர் அந்த ஒலியைத் தேடி பிக்கப் வாங்குறாங்க.

16/ வாங்குறது தப்பில்லை. ஹம் போகும், சத்தம் ஏறும், குரலின் நிறம் மாறும். தாளத்தில் தடுமாறும் கைக்கு மட்டும் அதில் மருந்து கிடையாது. வள்ளுவர் வைத்தியனுக்குச் சொன்ன வரிசைதான் இதுக்கும்: நோய், அதன் காரணம், பிறகு தீர்வு. மூணும் தெளிவாச்சுன்னா சால்டரிங் அயர்னை எடுங்க. பேட்டரியையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க!

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க.