கோட்டையைப் பார்க்காமல் ரயில் ஏறும் விருந்தாளிகள்



ஸ்கூல் லீவு விட்டால் நம் வீடுகளில் கொழும்பு, புத்தளம், கண்டிப் பக்கத்துச் சொந்தக்காரர் நிறைந்துவிடுவார்கள். கடைசி நாள் ஒரு வேனைப் பிடித்து கல்லடிப் பாலம், கடற்கரை, முகத்துவாரம் வெளிச்சவீடு எல்லாம் காட்டி, காந்தி பூங்காவில் பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுத்து, இரவு ரயிலுக்கு ஏற்றிவிடுகிறோம். பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் புளியந்தீவுக் கோட்டை. "அது கச்சேரிதானே" என்று தாண்டி வந்துவிடுகிறோம். காணிக் கடுதாசிக்கு வரிசையில் நின்ற இடத்தை விருந்தாளிக்குக் காட்ட யாருக்கு மனம் வரும்!

ஆனால் நம் சமூகத்தின் கதையில் பாதி அந்தக் கல்லில் இருக்கிறது.

1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயர் பக்கத்துக் குறிப்புகளே சொல்கின்றன. (நம் மூத்தவர்கள் சொல்லும் திமிலர் – முக்குவர் சண்டைக் கதை இதற்கும் முந்தியது. அது தனிப் பதிவு.) இரண்டே வருடம், 1628இல் துரத்தியவர்களே இங்கும் வந்து கோட்டை கட்டினார்கள். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நான்கு மூலையிலும் கொத்தளம். அரசன் நம்மவரை இங்கே இருத்தியதற்குக் கருணை மட்டும் காரணமல்ல, இந்தக் கரையைக் காக்க ஆள் தேவைப்பட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்து ஒல்லாந்தர். அவர்களின் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இலேயே மட்டக்களப்பில் நங்கூரமிட்டு, கண்டிக்குப் போய் அரசன் விமலதர்மசூரியனைச் சந்தித்தவர். இதே மனிதர் 1615இல் தென் அமெரிக்காவைச் சுற்றிப் போய், பெரு நாட்டுக் கரையில் ஸ்பானியக் கப்பற்படையைத் தோற்கடித்து, லிமா நகரின் துறைமுகத்துக்கு முன்னால் போய் நின்றார். நம் வாவியும் லிமாவும் ஒரே ஆளின் கப்பல் பாதையில் இருந்த இடங்கள்.

1638 மே 18ஆம் திகதி வெஸ்டர்வோல்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியும் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே மே மாதம், பிரேசிலின் அன்றைய தலைநகர் சல்வடோரை இன்னொரு ஒல்லாந்தப் படை முற்றுகையிட்டிருந்தது. அங்கேயும் எதிரி போர்த்துக்கேயரே. அங்கே ஒல்லாந்தர் தோற்றுத் திரும்பினார்கள், இங்கே வென்றார்கள். அவர்கள் சண்டை பிடித்தது இங்கே கறுவாவுக்கு, அங்கே சீனிக்கு.

வென்ற கையோடு, மே 23இல், மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை எழுதினார்கள். பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது "அரசர் விரும்பினால்" என்ற பொருளில் ஒரு வாசகம் போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அது இல்லை! அந்த ஒரு வாசகத்தால் எத்தனை வருடப் பகை. 8ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் 1638ஐ மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது. 1795இல் ஆங்கிலேயர் வந்த பிறகு கோட்டை அரச அலுவலகமாகி, நமக்குக் 'கச்சேரி' ஆனது.

சல்வடோரில் இன்று சுற்றுலாக் குடும்பங்கள் போகும் இடங்களில் பழைய கோட்டைகளும் உண்டு. கடல்முனைக் கோட்டை ஒன்றுக்குள் வெளிச்சவீடும் கப்பல் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அந்நகருக்கு நம்மோடு இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 1835 ஜனவரியில், ரமழானின் கடைசிப் பத்தில், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட முஸ்லிம்கள் அங்கே கிளர்ந்தெழுந்தார்கள். அடக்கப்பட்டார்கள். பொலிஸார் கைப்பற்றிய அவர்களின் அரபு எழுத்துகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. எழுதி வைத்தது எப்படியோ மிஞ்சியிருக்கிறது.

நம்மிடம் எழுத்து குறைவு, பேச்சுத்தான் அதிகம். அடுத்த லீவுக்கு விருந்தாளிகளைக் கோட்டைக்கும் கூட்டிப் போங்கள். வாசலில் நிமிர்ந்து பார்த்தால் 'வீ.ஓ.சீ' முத்திரை தெரியும். (கப்பலோட்டிய தமிழன் அல்ல, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி!) உங்கள் வீட்டு வாப்பும்மா, உம்மும்மா யாரும் "கண்டி ராசா தந்த காணி" என்று எப்போதாவது சொல்லியிருந்தால், ஊரையும் குடியையும் சேர்த்து எனக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கொப்பியில் எழுதி வைக்கிறோம்.