குரூப் போட்டோவில் இல்லாத அத்தைப் பாட்டி

எங்கள் மைசூரு வீட்டுக் கூடத்தில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. 1938-ல் நஞ்சன்கூட்டில் ஒரு சிறு ஸ்டுடியோவில் எடுத்தது. பேரக் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி: "பாட்டிகள் எல்லோரும் ஏன் கறுப்புப் புடவை கட்டியிருக்கிறார்கள்?"

அவை கறுப்பல்ல, அரக்கும் சிவப்பும்தான். காரணம் ரசாயனம். 1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து கண்ணாடியில் பூசும் உலர் பிளேட்டை அறிமுகப்படுத்தினார். போட்டோ தொழில் சிற்றூர்களுக்குப் பரவ அது வழிசெய்தது. ஆனால் வெள்ளி உப்பு நீல ஒளியையே நன்கு உணரும். 1873-ல் ஜெர்மானியரான வோகல் சாயம் சேர்த்துப் பச்சையையும் உணரச் செய்தார். சிவப்பையும் உணரும் பிளேட்டுகள் 1906-ல் விற்பனைக்கு வந்த பின்பும் பழைய வகை நெடுநாள் புழங்கியது. சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பது அதன் வசதி.

மின்சாரம் எட்டாத ஸ்டுடியோக்களில் கூரையில் கண்ணாடி ஓடு பதித்து, வெள்ளைத் துணி கட்டி வெயிலை மட்டுப்படுத்துவார்கள். பின்னால் தூணும் திரைச்சீலையும் தீட்டிய படுதா. ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மா ஓவியங்களைப் பார்த்த அன்பர்களுக்கு அந்தத் தோரணை புரியும். லென்ஸ் மூடியைக் கழற்றி, ஓரிரு விநாடி எண்ணி மூடும்வரை யாரும் அசையக் கூடாது.

எங்கள் படத்தில் பதினோரு பேர். அப்பாவின் அத்தை மட்டும் இல்லை. பதினாறு வயதில் கணவரை இழந்து பிறந்த வீடு வந்தவர். அந்தக் குழந்தைகள் அத்தனை பேரையும் வளர்த்தவர். சுபகாரியங்களில் அவர் முன்னே வரக் கூடாது என்ற அக்கால வழக்கத்தைப் படத்திற்கும் வைத்துவிட்டார்கள். ஆனால் ஸ்டுடியோவுக்கு அவரும் போனாராம். கேமராவுக்குப் பின்னால் நின்று, கைக்குழந்தை அசையாதிருக்கக் கிலுகிலுப்பை காட்டியது அவர்தான் என்று அப்பா சொல்லுவார். படத்தில் குழந்தை பார்ப்பது அவரைத்தான். அவருக்கென்று வேறு படமே கிடையாது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களை டிஜிட்டல் பிரதியெடுத்துப் பாதுகாத்துள்ளது. மிகவும் நல்ல பணி. ஆனால் படத்தில் இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்பதை வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல முடியும்.

அன்பர்கள் தங்கள் வீட்டுப் படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர்களை எழுதி வைக்க வேண்டுகிறேன். பேனா மை ஊறி வெளிப்பக்கம் தெரியக்கூடும். எங்கள் படத்தின் பின்னால் அத்தைப் பாட்டியின் பெயரைப் பன்னிரண்டாவதாக எழுதியிருக்கிறேன்.