கானிங் லோக்கலில் ஏறிய நாவல்

கொல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தியில் துணிக்கடைகள் திறக்கும் முன்பே பாலிகஞ்ச் ரயில் நிலையப் பக்கமிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிடுவார்கள். கானிங் லோக்கலில் இறங்கியவர்கள். இன்னும் சற்று நேரத்தில் அக்கம்பக்கத்து அடுக்ககங்களில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அதிகாலை வண்டிக்கு நகரத்தார் வைத்த பட்டப்பெயர் ‘ஜீ ஸ்பெஷல்’. வங்காளத்தில் ‘ஜீ’ என்றால் வேலைக்காரி. இந்திக்காரர்களின் மரியாதை ‘ஜி’யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில், சுந்தரவனத்தை நோக்கிப் போகிறது அமிதவ் கோஷின் ‘தி ஹங்க்ரி டைட்’. 2004-இல் வந்த நாவல். தென் கொல்கத்தாவின் புறநகர் ரயில் நிலையமொன்றில் இருவர் கானிங் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். பியா, கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவின் சியாட்டிலில் வளர்ந்தவள். ஆற்று டால்பின்களை ஆராய வந்திருக்கிறாள். வங்காளம் தெரியாது. கனாய், டெல்லியில் மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்துபவன்; ஆறு மொழி அறிந்தவன் என்ற கர்வம் உண்டு. சுந்தரவனத்தில் இவர்களுக்கு வந்து வாய்ப்பவன் நண்டு பிடிக்கும் ஃபொகிர். எழுதப் படிக்கத் தெரியாதவன்.

அந்த ரயில் பாதையே ஒரு தப்புக் கணக்கில் பிறந்ததுதான். ஹூக்ளி ஆறு மணல்மூடிப் போனால் கல்கத்தாவுக்கு மாற்றுத் துறைமுகம் வேண்டும் என்று மாத்லா ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள் வெள்ளையர்கள். ‘சைக்ளோன்’ என்ற சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், புயல் அடித்தால் கடல் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும் என்று 1853-இலேயே எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1860-களின் தொடக்கத்தில் ரயிலும் வந்தது, துறைமுகமும் எழுந்தது. 1867 நவம்பரில் புயலும் வந்தது. துறைமுகம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. கானிங் துரையின் பெயரும் ரயிலும் மட்டும் மிஞ்சின.

அடுத்து வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் டேனியல் ஹாமில்டன். 1903-இல் சுந்தரவனத்தின் கோசாபா பக்கம் நிலம் வாங்கி, சாதி பார்க்காத கூட்டுறவுக் குடியிருப்பு அமைக்க முயன்றார். தம் பண்ணைக்கென்றே ஒரு ரூபாய் நோட்டு அச்சிட்டார். 1932-இல் தாகூர் வந்து பார்த்தார். ஹாமில்டன் நல்ல மனிதர்தான். ஆனால் உப்பு மண்ணுக்கு இலட்சியம் தெரியாது. கோஷின் சித்தப்பா முறை உறவினர் ஒருவர் கோசாபாவில் ஹாமில்டன் தொடங்கிய பள்ளிக்குப் பத்தாண்டுக்கும் மேல் தலைமை ஆசிரியர். பிறகு பண்ணை நிர்வாகி. நாவலின் வேர் அங்கே இருக்கிறது.

நாவலின் நடுவே ஓர் இரவு. தொழுவத்தில் நுழைந்த புலியை ஊரார் அடைத்துவைத்து எரிக்கிறார்கள். பியா தடுக்கப் பாய்கிறாள். ஃபொகிர் அவளைத் தூக்கி அப்புறப்படுத்துகிறான். அவனே அந்தக் கூட்டத்தில் ஒருவன். மனிதக் குடியிருப்புக்குள் புலி வருகிறதென்றால் அது சாக விரும்புகிறது என்பது அவன் நியாயம். அதுவரை படகில், பேச்சே இல்லாமல், இருவருக்குமிடையே வளர்ந்திருந்த நெருக்கத்தில் முதல் விரிசல். அவள் அமெரிக்கக்காரி என்பதால் வந்த விரிசல் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. காட்டிலிருந்து திரும்பாத ஆட்களை எண்ணி எண்ணிப் பழகிய ஊர் அது.

சுந்தரவனத்தில் புலியைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ‘மாமா’ என்பார்கள். தேன் எடுக்கப் போகிறவர்கள் இந்து, முஸ்லிம் பேதமின்றி வனதேவி பொன்பீபியை வேண்டிக்கொண்டுதான் காட்டில் கால் வைப்பார்கள். அவர்கள் திரும்பும்வரை மனைவிமார் கைம்பெண் கோலம் பூணும் வழக்கமும் உண்டு. நாவலில் கனாயின் தாயின் சகோதரி நிலிமா புதிதாக ஊர் வந்தபோது இந்தக் கோலத்தைப் பார்த்துத் திகைக்கிறாள். அவளும் கொல்கத்தாக்காரிதான்.

புலிக் காப்புத் திட்டம் 1973-இல் இங்கே வந்தது. 1978-இல் தண்டகாரண்யத்திலிருந்து ஆயிரக்கணக்கான வங்காள அகதிகள் மரிச்ஜாப்பி தீவில் குடியேறினார்கள். காப்புக்காடு என்று சொல்லி 1979 ஜனவரியில் போலீஸ் தீவை முற்றுகையிட்டது. உணவும் குடிநீரும் தடைப்பட்டன. மே மாதம் குடிசைகள் எரிந்தன. செத்தவர்கள் எத்தனை பேர் என்ற தகராறு இன்றும் தீரவில்லை. ஃபொகிரின் தாய் குசும் அங்கே இறந்தவளாகவே நாவலில் வருகிறாள். பின்னாளில் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் அன்னு ஜலேஸிடம் ஊரார் சொன்னது வேறொரு கணக்கு: மனிதனைவிடப் புலிதான் உசத்தி என்று சர்க்காரே காட்டிய பிறகுதான் புலிகளுக்கும் மதம் பிடித்தது.

இந்த நாவலை வெளிநாட்டுக்காரிக்கும் கிராமத்தாருக்கும் இடையிலான கதை என்று மட்டும் படித்தால் கனாய் தப்பித்துக்கொள்வான். சேற்றில் வழுக்கி விழுந்ததும், அதே தாய்மொழியில், ஃபொகிரைப் பார்த்து அவன் கொட்டும் வசவுகளில் இருப்பது ஒரு வேலைக்காரனை எசமான் திட்டும் சொற்கள். பியா மொழி தெரியாமல் எட்டிய தூரத்தை, ஆறு மொழிக்காரன் எட்டவில்லை. கரியாஹாட்டிலிருந்து கானிங்குக்கு நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். தூரம் வேறெங்கோ இருக்கிறது.

2009 மே 25-இல் ஐலா புயல் கரைகளை உடைத்து வயல்களில் உப்புநீரை நிரப்பியது. அதன்பின் தீவுகளின் ஆண்கள் கட்டட வேலை தேடிக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ரயிலேறினார்கள். அடுத்த முறை சென்னையிலோ கோவையிலோ சாரத்தில் நிற்கும் வங்காள இளைஞரிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். கோசாபா, பாசந்தி என்று பதில் வந்தால், பொன்பீபியைப் பற்றியும் கேளுங்கள்.