மரம் இழுத்த யானையும் எருதும்

அண்ணாமலையார் திருக்கோயிலின் கார்த்திகைப் பெருவிழாவில் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாடவீதியில் உலா வருகின்றன. அம்மையின் தேரை மகளிரே வடம் பிடித்து இழுப்பர். அவ்வடத்தைத் தீண்டுதலே பெரும்பேறு என்பது அடியார் கொள்கை. ஆயின், மரம் தேராவதற்கு முன் காட்டினின்று ஊருக்கு வந்து சேர்தல் வேண்டுமன்றோ? பண்டு அம்முதல் வடத்தை இழுத்தவை வாயில்லாச் சீவன்களாகிய யானையும் எருதுமே. அவற்றின் உழைப்பை நினைதலும் ஒரு வழிபாடேயாம்.

யானையைப் பழக்கும் கலை இப்பகுதிக்குப் புதிதன்று. திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள செங்கத்தில் இருந்து ஆண்ட நன்னனைப் பாடியது, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். 583 அடிகளையுடைய அந்நூலில், பெருங்கௌசிகனார் நன்னன் மலையில் எழும் ஒலிகளை நிரல்பட அடுக்கிக் காட்டுவார். அவற்றுள் ஒன்று, களிற்றின் சினந் தணித்துத் தறியிற் பிணிக்கும் பாகர் கலப்பு மொழியால் அதனைப் பயிற்றும் ஓசை. பாகர் வடசொற் கூறி யானைக்குக் கவளம் ஊட்டும் செய்தி முல்லைப்பாட்டிலும் உண்டு. அன்பும் அச்சமும் கலந்த அம்மொழியே காட்டு விலங்கை மனிதனுக்குத் துணையாக்கிற்று.

பண்டு போர்க்களம் புகுந்த யானை பெருந்தொகையாக மரவேலைக்கு வந்தது 19 ஆம் நூற்றாண்டில். ஆனைமலைத் தேக்கு, கப்பல் கட்டுதற்பொருட்டுப் பம்பாய்த் தளத்திற்குச் சென்றது. 1856 இல் தென்னாட்டின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்று வாலாஜா சாலைக்கு ஓடிற்று. அவ்வாண்டிலேயே கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக அமர்த்தப்பெற்றார். தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளுக்கும் விறகுக்கும் எனக் காடுகள் விரைந்து அழிந்த காலம் அது. ஆனைமலை மேட்டினின்று மரங்களைச் சரிவில் நழுவவிட்ட இடமே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. மேட்டின்மேல் மரத்தைச் சேர்த்தது யானை. கீழே சமவெளி வழியே வண்டியில் இழுத்தது எருது.

இவ்வேலைக்கு ஏற்ற பருவம், கூதிர் கழிந்து முன்பனி தொடங்குங் காலம். வடகிழக்குப் பருவமழை ஓய, நிலம் இறுகும். எருதின் குளம்பும் வண்டிச் சக்கரமும் சேற்றில் அழுந்தா. வெயிலை யானை நெடிது பொறாதாதலின், காலைக் குளிரே அதற்கு உற்ற பொழுது. மரத்தின் முனையிற் சங்கிலி பிணித்து, அதனை யானையின் மார்புவாரோடு இணைப்பர். சில இடங்களில் வடத்தைப் பல்லாற் கவ்வியும் இழுக்கும். கொம்புடைய களிறு கட்டைகளைத் தூக்கி அடுக்கும். வேலை முடிந்தபின் குளிப்பாட்டி, மேய்தற்குக் காட்டில் விடுவர். விடியலிற் பாகன் அடிச்சுவடு பற்றிச் சென்று அழைத்து வருவான். பாரம் மிகின் நுகத்தடியால் எருதின் கழுத்துப் புண்ணாகும். சங்கிலி உராய்ந்து யானையின் தோல் தேயும். அந்நோவைச் சொல்ல அவற்றுக்கு மொழியில்லை. பாகனும் வண்டிக்காரனும் கண்டறிந்து மருந்திட்டால்தான் உண்டு.

காட்டின் அழிவைக் கண்டு கவன்றவருள் ஒருவர் ஹியூகோ உட் என்னும் வன அலுவலர். அடியோடு களையாது, வெட்டிய கட்டை மீண்டும் துளிர்க்க விடும் முறையை ஆனைமலையிற் கையாண்டு, தேக்கு வளர்த்தார். 1933 இல் மறைந்த அவர் அக்காட்டிலேயே அடக்கமாயினார். ஆனைமலை 1976 இல் வன உயிர்ச் சரணாலயமாகவும், 2007 இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. மரம் இழுத்த மரபில் வந்த யானைகள் இன்று கோழிகமுத்தி முகாமில் வாழ்கின்றன. ஊர் புகும் காட்டு யானையைத் திருப்பும் கும்கிகளாக அவற்றுட் சில உதவுகின்றன.

முன்பனியின் நடுவே, மாட்டுப் பொங்கலன்று, அண்ணாமலையார் நந்தியெம்பெருமானுக்குக் காட்சி தருகின்றார். அன்று நந்தி காய்கனிகளால் அணி செய்யப்பெறுகின்றது. உழைத்த எருதுக்கு இறைவன் திருமுன்னரே செய்யும் சிறப்பு அது. இக்கோயிலில் தொண்டு செய்து 2018 இல் மறைந்த யானை ருக்குவை நினைந்து கண்ணீர் சிந்தியவரும் பலர். திருப்பணி செய்தோர் பெயரைக் கல் சொல்லும். மரம் இழுத்த விலங்கின் பெயரைச் சொல்லும் கல் அரிது. குடமுழுக்குக் காணும் அன்பர், தம் வீட்டு எருதின் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்ப்பாராயின், அந்நன்றிக் கடனில் ஒரு சிறு பங்கேனும் தீரும்.