கடலில் ஆள் தவறி விழுந்தால் படகைத் திருப்புவது எப்படி? உயிரைக் காப்பாற்றும் முதல் 10 வினாடி!

சென்னை:

விடியற்காலை இருட்டு. வலை சரசரவென்று கடலில் இறங்கிக் கொண்டிருக்கிறது. வலைக்கயிறு காலில் சுற்றிக்கொள்ள, ஒருத்தர் நிலைதடுமாறி "தொப்"பென்று தண்ணீரில் விழுகிறார். ஓடுகிற இன்ஜின் சத்தத்தில் அவர் போட்ட கூச்சல் யார் காதிலும் விழவில்லை.

காசிமேடு முதல் கன்னியாகுமரி வரை ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் பயம் புதிதல்ல. நீச்சல் தெரிந்தவர்தானே, சமாளித்துக் கொள்வார் என்று சிலர் நினைப்பது உண்டு. ஆனால் விழுந்தவருக்குக் கடல் மட்டும் எமன் அல்ல. அவசரத்தில் தாறுமாறாகத் திருப்பினால் அவருடைய சொந்தப் படகே எமனாகி விடும்.

அன்று கட்டுமரம், இன்று ஃபைபர்

கட்டுமரம் தண்ணீர் மட்டத்திலேயே மிதக்கும். விழுந்தவர் கட்டையைப் பிடித்து தானே ஏறிவிடலாம்.

2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு தமிழக கடற்கரையில் கட்டுமரங்கள் குறைந்து, ஃபைபர் படகுகள் பெருகின. வேகம் கூடியது. கூடவே இரண்டு ஆபத்தும் வந்தது. ஒன்று, விழுந்தவரை விட்டுப் படகு வெகுதூரம் போய்விடுகிறது. இன்னொன்று, படகின் பின்னால் சுழலும் இன்ஜின் விசிறி.

மணிக்கு 11 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் படகு ஒரு வினாடிக்கு 3 மீட்டர் ஓடும். 10 வினாடியில் 30 மீட்டர். ஒரு நிமிடம் கவனிக்காமல் விட்டால் 180 மீட்டருக்கு மேல் போய்விடும். அலைக்கு நடுவே அவ்வளவு தூரத்தில் ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது.

முதல் 10 வினாடியில் செய்ய வேண்டியவை:-

* பார்த்தவர் உடனே "ஆள் விழுந்துட்டான்" என்று கத்த வேண்டும். வலது பக்கமா, இடது பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

* இன்ஜின் பிடிப்பவர் உடனே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வர வேண்டும்.

* மிதக்கிற எதையாவது தூக்கிப் போட வேண்டும். லைஃப் பாய் இல்லாவிட்டால் மூடி இறுக்கிய காலி கேன், தெர்மாகோல், வலை மிதவை எதுவானாலும் சரி. விழுந்தவர் பிடித்துக் கொள்ளலாம். அவர் இருக்கும் இடத்துக்கு அதுவே அடையாளமாகவும் இருக்கும்.

* ஒருத்தர் மட்டும் விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கண்ணை எடுக்கக் கூடாது. வேறு எந்த வேலையும் அவருக்குக் கிடையாது. அலையில் ஒரு தடவை பார்வை தவறினால், மறுபடி கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு.

* ஜி.பி.எஸ். கருவி இருந்தால் அந்த இடத்தை 'மார்க்' செய்ய வேண்டும். ஆனால் நீரோட்டம் ஆளை இழுத்துப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்தப் பக்கம் திருப்புவது?

ரோட்டில் ஆட்டோவைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும், பின்பக்கம் அதன் பின்னாலேயே வரும். படகு அப்படி இல்லை. அணியம் வலது பக்கம் திரும்பும்போது, பின்பக்கம் இடது பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும்.

அதனால் ஆள் எந்தப் பக்கம் விழுந்தாரோ, அந்தப் பக்கமே படகைத் திருப்ப வேண்டும். வலது பக்கம் விழுந்தால் வலது பக்கம். அப்போதுதான் விசிறி இருக்கும் பின்பக்கம் அவரை விட்டு விலகும். பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்பினால் விசிறி நேராக அவர் மேலேயே போகும்.

நீண்ட வால் இன்ஜினில் இன்னொரு சங்கதி உண்டு. அதில் விசிறி படகுக்கு வெகுவாகப் பின்னால் இருக்கிறது. கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் வால் வலது பக்கம் வீசும். ஆள் அந்தப் பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே முதலில் கைப்பிடியை அழுத்தி வாலைத் தண்ணீரில் இருந்து தூக்கிவிட வேண்டும். ஆள் விசிறியைத் தாண்டிய பிறகே வாலை இறக்கிப் படகைத் திருப்ப வேண்டும்.

வலை இறங்கியிருந்தால் சிக்கல்தான். கயிறு விசிறியில் சுற்றினால் படகு அங்கேயே நின்றுவிடும். வலை முனையில் மிதவையைக் கட்டிவிட்டுப் படகை விடுவிக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் கத்தியால் அறுத்துவிட வேண்டும். வலை போனால் கடன் வாங்கியாவது வாங்கலாம். ஆள் போனால்?

ஆள் கண்ணில் படவில்லையா?

இருட்டு, மழை, அல்லது விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிய வந்தது என்றால், வந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டும். சும்மா வட்டம் அடித்தால் படகு வந்த வழிக்குப் பக்கத்தில் வேறு வழியில் போய்விடும். இதற்குக் கப்பல்காரர்கள் 2-ம் உலகப்போர் காலத்தில் இருந்து ஒரு முறையைக் கையாள்கிறார்கள். 'வில்லியம்சன் திருப்பம்' என்று அதற்குப் பெயர்.

கடிகாரத்தை மனதில் வைத்துக்கொண்டால் சுலபம். படகு 12 மணி திசையில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வலது பக்கமாக 2 மணி திசை வரை திருப்ப வேண்டும். பிறகு அப்படியே எதிர்ப்பக்கம் ஒடித்து 12, 9 என்று சுற்றி 6 மணி திசைக்கு வர வேண்டும். இப்போது படகு ஏறக்குறைய வந்த வழியிலேயே திரும்பிப் போய்க்கொண்டு இருக்கும். இடது பக்கம் விழுந்தது தெரிந்தால் முதலில் 10 மணி திசை. பிறகு 12, 3 என்று சுற்றி 6 மணி திசை.

திரும்பி வரும்போது மெதுவாக வர வேண்டும். இடையிடையே இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கூப்பிடும் குரல் இன்ஜின் சத்தத்தில் அமுங்கிவிடும்.

சறுக்குப் படகில் என்ன செய்கிறார்கள்?

ஆளைத் தேடித் திரும்புவதையே தினமும் பலமுறை செய்யும் படகுகளும் உலகத்தில் இருக்கின்றன. அவை அமெரிக்க ஏரிகளில் ஓடும் சறுக்குப் படகுகள். படகு கயிறு கட்டி இழுக்க, பின்னால் ஒருத்தர் பலகையில் நின்று அலைமேல் சறுக்குவார். 1922-ம் ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள பெப்பின் ஏரியில் ரால்ப் சாமுவேல்சன் என்ற 18 வயது வாலிபர் தொடங்கி வைத்த விளையாட்டில் இருந்து வளர்ந்தது இது.

விழுவது இதில் சகஜம். ஆனால் விழுந்ததும் படகைச் சர்ரென்று வேகமாகத் திருப்புவதை அனுபவசாலிகள் ஒத்துக்கொள்வதில்லை. அப்படித் திருப்பினால் படகு கிளப்பிய அலையே விழுந்தவர் முகத்தில் போய் அடிக்கும். முதலில் வேகத்தைக் குறைக்கிறார்கள். அலை அடங்கியதும் மெல்லத் திரும்பி, ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும் பக்கமாக ஆளை நெருங்குகிறார்கள். ஏறும்போது இன்ஜின் 'ஆப்'.

கலிபோர்னியா மாநிலத்தில் ஓட்டுபவரைத் தவிர 12 வயதுக்குக் குறையாத இன்னொருவர் படகில் இருந்து சறுக்குபவரைக் கவனிக்க வேண்டும் என்பது சட்டம். ஆள் தண்ணீரில் விழுந்ததும் சிவப்பு அல்லது ஆரஞ்சு கொடி தூக்க வேண்டும். மற்ற படகுகள் விலகிப் போக அதுதான் சிக்னல். கடலுக்கும் இதே பாடம்தான். ஓட்ட ஒருத்தர், பார்க்க ஒருத்தர்.

நெருங்கும்போது உஷார்!

காற்றையும் அலையையும் அணியம் எதிர்கொள்ளும்படி மெதுவாக நெருங்க வேண்டும். அப்போது படகு சொன்னபடி நிற்கும். காற்று அடிக்கும் பக்கத்தில் இருந்து வந்தால், அலை படகைத் தூக்கி ஆள் மேலேயே போட்டுவிடலாம்.

அவர் படகின் நடுப்பகுதிக்கு நேராக வர வேண்டும். பின்பக்கம் போகவே கூடாது. கயிறு எட்டும் தூரம் வந்ததும் இன்ஜினை முழுவதும் நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் தாண்டிவிட்டால் ரிவர்ஸ் எடுக்காமல், இன்னொரு சுற்று சுற்றி வர வேண்டும்.

தூக்கும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு கவிழும். ஒருத்தர் மறுபக்கம் இருந்து சமன் பார்க்க வேண்டும். கயிற்றைச் சுருக்குப் போட்டுத் தண்ணீரில் தொங்கவிட்டால் அவர் அதில் கால் வைத்து ஏறலாம்.

ஏற்றியவருக்கு மூச்சு இல்லை என்றால் தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் கூடாது. நேரம்தான் வீணாகும். மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 2 தடவை மூச்சு கொடுக்க வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே 30 தடவை வேகமாக அழுத்த வேண்டும். இதையே மாறி மாறிச் செய்துகொண்டு கரைக்கு விரைய வேண்டும்.

தண்ணீரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

படகைத் துரத்தி நீந்தினால் சீக்கிரம் களைத்துவிடும். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டினாலே போதும். படகு பக்கத்தில் வந்தாலும் இன்ஜின் நிற்கும் வரை பொறுக்க வேண்டும்.

தனி ஆளாக அவுட்போர்டு இன்ஜின் படகில் போகிறவர் 'கில் சுவிட்ச்' கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது கட்டாயம். அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும். இல்லையென்றால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். லைஃப் ஜாக்கெட் புழுக்கமாக இருக்கிறது என்று மூலையில் போட்டு வைத்தால் அது யாரையும் காப்பாற்றாது.

உதவிக்கு யாரைக் கூப்பிடுவது?

முதல் சுற்றில் ஆள் கிடைக்கவில்லை என்றால் தாமதிக்கவே கூடாது. பக்கத்துப் படகுகளைக் கூப்பிட வேண்டும். கடலோர காவல் படையின் கட்டணமில்லா எண் 1554. தமிழக கடலோர பாதுகாப்பு குழும போலீசின் எண் 1093. வி.எச்.எப். கருவி உள்ளவர்கள் 16-வது சேனலில் அழைக்கலாம். விழுந்த நேரம், ஜி.பி.எஸ். காட்டும் இடம், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாரா என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு கேன் போதும்

இதையெல்லாம் படித்தால் மட்டும் போதாது. தொழில் முடிந்து கரைக்கு வரும் வழியில் ஒரு காலி கேனைச் சொல்லாமல் கடலில் வீசிவிட்டு, 'ஆள் விழுந்துட்டான்' என்று கத்திப் பார்க்கலாம். விசிறி படாமல், இன்ஜினை நிறுத்தி, கேனைக் கையில் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது? வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை. படகில் இருக்கும் எல்லோரும் ஆளுக்கொரு தடவை இன்ஜின் பிடித்துப் பழக வேண்டும்.

ஏனென்றால், விழப்போவது இன்ஜின் பிடிப்பவராகவே இருக்கலாம்.