களத்துமேடு – 23: சியோலுக்குப் போகிற வழியில்

சென்ற வாரம் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ராய் ஜோன்ஸை ரிங்குக்குள் ஏற்றிவிட்டு 'தொடரும்' போட்டிருந்தேன். 1988 அக்டோபர் 2, சியோல் ஒலிம்பிக்ஸ், தீர்ப்பு இந்த வாரம் என்று வாக்கும் கொடுத்திருந்தேன். அதற்குள் கம்பத்திலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் போனில் பிடித்துக்கொண்டார்.

"உள்ளூர்ல ஆடுனா ஜெயிச்சுரலாம்னு எழுதுறீங்களே, மே மாசம் பெரியகுளத்துக்கு வந்து பாருங்க சார். கூட்டம் பூரா நம்மாளுக. கப்பு மட்டும் வெளியூருக்குல்ல போகுது!"

மறுக்க முடியவில்லை. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. கடற்படை வரும், ராணுவம் வரும், இந்தியன் வங்கி வரும். மின்னொளியில் கேலரி அதிர அதிர நம்மவர்கள் கத்துவார்கள். கோப்பை பெரும்பாலும் பஸ்ஸேறிப் போய்விடும்.

ஆனால் அண்ணே, கூடை இரும்பு வளையம். பந்து விழுந்ததா இல்லையா என்பதைக் கடைசி வரிசையில் கடலை கொறிப்பவரும் சொல்லிவிடுவார். பல்லவராயன்பட்டி வாடிவாசலில்கூட, திமிலைப் பிடித்தவன் கோடு வரை தாக்குப்பிடித்தானா என்று மைக்கில் சொல்கிறவர் கொஞ்சம் சறுக்கினால், ஊரே திருத்திவிடும். குத்துச்சண்டையில் அப்படியில்லை. குத்து விழுவது எதிராளியின் தாடையில். புள்ளி விழுவது ரிங்குக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரின் கண்ணில். அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில்தான் காதும் இருக்கிறது. உள்ளூர்ப் பையனின் கை காற்றில் போனாலும் பத்தாயிரம் பேர் 'ஹோ' என்பார்கள்.

ஐரோப்பிய சாம்பியன்ஷிப் சண்டைகளை ஆராய்ந்து பால்மர், நெவில், லேன் என்ற மூவர் 2005-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. பலத்தில் சமமான இருவர் மோதி நாக்-அவுட்டில் முடிந்தால், உள்ளூர்க்காரர் ஜெயிக்கும் வாய்ப்பு 57 சதவீதம். ரெஃப்ரி பாதியில் நிறுத்தினால் 66. புள்ளிக்குப் போனால் 74. 'தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை' என்ற பழமொழியில் யானைக்கு எடை போடுகிறவர் யார் என்பது இப்போது விளங்கும்.

சரி, சியோல். ராய் ஜோன்ஸுக்கு முன்னால் பியோன் ஜாங்-இல்லைப் பார்த்துவிடுவோம், அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அதே ஒலிம்பிக்ஸ், செப்டம்பர் 22. கொரியப் பையன், கொரிய ரிங், கொரியக் கூட்டம். தலையால் முட்டியதற்காக நியூசிலாந்து ரெஃப்ரி கீத் வாக்கர் இரண்டு புள்ளி வெட்டினார். பல்கேரியாவின் கிறிஸ்டோவ் ஜெயித்தார். கொரியப் பயிற்சியாளர்கள் ரிங்குக்குள் பாய்ந்து வாக்கரை மொத்தினார்கள். அவர் முதல் விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்தார். பியோன் மட்டும் ரிங்கில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். 67 நிமிடம்! விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் உட்கார்ந்திருந்தார். சொந்த ஊரிலேயே தோற்பவனுக்கு வரும் கோபம் அயலூரில் தோற்பவனுக்கு வருவதில்லை என்று நினைக்கிறேன்.

அயலூர் என்றதும் சரிதா வந்துவிட்டார். தேதி 26 வருடம் தாவுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் அதே கொரியா, இன்ச்சியோன், 2014 ஆசிய விளையாட்டு.

மணிப்பூரின் லைஷ்ராம் சரிதா தேவி, கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பயிற்சிக்குத் திரும்பியவர். அந்த வருடமே கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளி. செப்டம்பர் 30 அரையிறுதியில் எதிரே பார்க் ஜி-னா. சரிதாவின் குத்துகளில் அந்தப் பெண் தள்ளாடியதைப் பார்த்தவர்கள், இறுதிப் போட்டிக்கு யார் என்பதில் சந்தேகப்படவே இல்லை. தீர்ப்பு 3-0, பார்க்குக்கு. மூன்று நடுவர்களும் 39-37. இதில் ஒருவர்கூடக் கொரியர் இல்லை. துனிசியா, இத்தாலி, போலந்து. நடுவரின் காது செய்யும் வேலையைப் பற்றிச் சொன்னேனே, அது இதுதான். (வேறு வேலையும் நடந்திருக்கும் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.)

மனுக் கொடுக்க 500 டாலர் கட்ட வேண்டும். கணவர் தோய்பா சிங்கின் கையில் அது இல்லை. அங்கிருந்தவர்களிடம் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். கூடப் போன அதிகாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எனக்கு இந்தக் கதையின் வில்லன் நடுவர்கள்கூட இல்லை, அவர்கள்தான். நடுவர் தீர்ப்பின் மேல் மனுவே செல்லாது என்று சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் கைகழுவிவிட்டது.

நம்ம ஊரில் ஆடினால் மட்டும் கோட்டை நம்முடையதா? 2010 டெல்லி காமன்வெல்த், டல்கடோரா அரங்கம், விஜேந்தர் சிங். கூட்டம் முழுக்க அவருக்காகக் கத்தியது. ரெஃப்ரி கொடுத்த அபராதப் புள்ளிகளில் இங்கிலாந்தின் ஓகோகோவிடம் 3-4 என்று தோற்றார். நம் மனுவும் தள்ளுபடி. அந்த 74 போக இப்படிப்பட்ட பாக்கியும் இருக்கத்தான் செய்கிறது, தோட்டக்காரரே.

மறுபடி இன்ச்சியோன். அக்டோபர் 1, பரிசு மேடை. அன்றைக்குத்தான் மேரி கோம் தங்கம் வாங்கினார். சரிதா மேடையில் அழுதுகொண்டே நின்றார். வெண்கலத்தைக் கழுத்தில் மாட்ட வந்தவருக்குத் தலை குனியவில்லை. கையில் வாங்கி, நேரே போய் வெள்ளிக்காரி பார்க் ஜி-னாவின் கழுத்தில் போட்டார். பார்க் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், சரிதா வாங்கவில்லை. பிறகு சங்கம் ஒரு வருடத் தடையும் 1000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் போட்டது; சரிதா மன்னிப்பும் கேட்டார். ஆனால் அன்றைக்கு, எல்லோரும் இறங்கிப் போன பிறகு, இரண்டு பெண்களும் வேண்டாம் என்ற அந்த வெண்கலம் மேடையின் மேலேயே கிடந்தது.

பக்கம் தீர்ந்துவிட்டது. ராய் ஜோன்ஸ் இன்னும் ரிங்கிலேயே நிற்கிறார், அடுத்த வாரம் சத்தியமாக இறக்கிவிடுகிறேன்.

(தொடரும்)