விலங்குகளை எழுதிய வெரோனா ஓவியர்

இத்தாலி நாட்டு ஓவியர் என்றதும் லியோனார்டோவும் மைக்கேலாஞ்சலோவுமே நம் நினைவுக்கு வருவர். அவர்தம் புகழ் நிழலில் மறைந்து நின்ற ஒருவரைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றேன். அவர் பெயர் ஜாக்கொப்போ லிகோட்ஸி.

வெரோனா நகரில் 1547-ஆம் ஆண்டு, ஓவியக் குடும்பத்தில் தோன்றிய அவர், 1577-ஆம் ஆண்டளவில் புளோரன்ஸ் நகர் சேர்ந்து, மெடிச்சி மரபினரான பெருங்கோமகன் முதலாம் பிரான்செஸ்கோவின் பணியில் அமர்ந்தார். கோமகனுக்கு இயற்கை ஆராய்ச்சியில் தணியாத நாட்டம். தொலை நாடுகளினின்று வந்த பறவைகளும் பாம்புகளும் செடிகளும் அழியுமுன் அவற்றைத் தாளில் எழுதி வைக்க ஒருவர் வேண்டும். அப்பணி லிகோட்ஸிக்கு வாய்த்தது.

அக்காலத்தே பலர் பழைய நூற்படங்களைப் பார்த்தே விலங்குகளை எழுதினர். காணாத விலங்குக்குக் கேள்வியளவில் கொம்பும் சிறகும் சேர்த்தனர். லிகோட்ஸியோ வெறுந்தாளின் நடுவே, பின்னணி ஏதுமின்றி, செதில் செதிலாக, இறகு இறகாக எழுதினார். அமெரிக்கக் கண்டத்து மக்கா கிளியை எழுதினார். கண்மேல் கொம்புடைய விரியனையும் எழுதினார். இக்கொம்பு கற்பனையன்று, ஆப்பிரிக்க மணல்வெளிகளில் அத்தகைய பாம்பு உண்மையாகவே உண்டு. செடியாயின் வேரையும் விட்டாரில்லை. நாள்தோறும் கணக்கேட்டில் உள்ளதை உள்ளவாறு பதியும் என் போன்ற எழுத்தருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவது கற்பனை செய்வதினும் கடினம்.

பொலோஞா பல்கலைக்கழகப் பேராசிரியர் உலிஸ்ஸே அல்ட்ரோவாண்டி, உலகத்து உயிர்களையெல்லாம் நூலாக்க முனைந்தவர். அவர் புளோரன்ஸ் வந்து லிகோட்ஸியின் கைத்திறனைக் கண்டு வியந்தார். அப்படங்களின் படிகள் பொலோஞாவுக்குச் சென்றன. அவருடைய பறவை நூலின் முதற்பாகம் 1599-இல் வெளிவந்தது. ஆனால் அந்நாளைய நூற்படங்கள் மரக்கட்டையிற் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சிடப்பட்டவை. நிறம் போயிற்று, அந்நிறத்திலன்றோ லிகோட்ஸியின் உழைப்பெல்லாம் இருந்தது!

1587-இல் பிரான்செஸ்கோ மறைந்தார். தம்பி பெர்டினாண்டோ ஆட்சிக்கு வந்தார். தேவாலயப் படங்கள், ஓனிஸ்ஸாந்தி மடத்துச் சுவரோவியங்கள், வண்ணக்கல் பதிக்கும் வேலைக்கு மாதிரிகள் என லிகோட்ஸியின் பணி வேறு வழிகளிற் பெருகிற்று. எனினும் விலங்குகளை அவர் மறந்தாரில்லை. 1605-இல், ஐம்பத்தெட்டாம் வயதில், பிளம் பழக் கிளையுடன் ஒரு மார்மட்டை எழுதினார். அணில் குடும்பத்தைச் சேர்ந்த மலைப் பிராணி அது. அப்படம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றது. அல்ட்ரோவாண்டி காலமானதும் அதே ஆண்டில்தான்.

லிகோட்ஸி 1627-இல் புளோரன்ஸ் நகரிலே மறைந்தார். அரண்மனைக்கென அவர் எழுதிய தாள்கள் அந்நகரத்து உபீட்ஸி காட்சிச்சாலையில் உள்ளன. ஒளி பட்டால் வண்ணம் மங்குமாதலின் அவற்றை நாளும் சுவரில் தொங்கவிடுவதில்லை; உள்ளே காத்து வைத்து, எப்போதேனும் நடைபெறும் கண்காட்சிகளுக்கு மட்டுமே வெளியே எடுக்கின்றனர்.